பெயரின் வயதும் சுவரின் வயதும்: கொல்லிமலை ஐயாற்றங்கரைக் கட்டட வரலாறு எழுதப்படும் முறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கொல்லிமலையில் ஐயாற்றின் கரையில் அமைந்த அறப்பளீசுவரர் கோயிலை வல்வில் ஓரி கட்டினான் என்ற கூற்று தலவரலாற்று நூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் நிலைபெற்றுள்ளது. சங்கப் பாடல்கள், தேவாரம், கல்வெட்டுகள், வாய்மொழி மரபு ஆகிய நால்வகைச் சான்றுகளை வைத்து இக்கட்டுரை அக்கூற்றை ஆராய்கிறது. இம்மலைக்குத் தெற்கே காவிரிக் கரையில் உள்ள சீனிவாசநல்லூர்க் கோயில் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இடத்தின் வயது, பெயரின் வயது, கட்டடத்தின் வயது என்னும் மூன்றையும் ஒன்றாகக் கொள்வதே இவ்வகை எழுத்தின் அடிப்படைப் பிழை என்பதும், அப்பிழையால் மலைவாழ் சமூகத்தின் சொந்த வரலாறு பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, ஐயாறு, அறப்பள்ளி, குரக்குத்துறை, கற்றளி, ஊர்ப்பெயராய்வு, தலவரலாறு

1. முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் வடபுற அடிவாரத்தில் அமைந்த ஊர் முள்ளுக்குறிச்சி. குறிஞ்சி நிலத்து ஊரைக் 'குறிச்சி' என வழங்குதல் பழைய உரையாசிரியர்கள் அறிந்த மரபு. முள்ளுக்குறிச்சி என்னும் பெயர் அம்மரபை இன்றும் தாங்கி நிற்கிறது. ஆயினும் அப்பெயரைக் கொண்டு அவ்வூரில் இன்றுள்ள வீடுகளுக்குச் சங்க காலப் பழைமை கூற எவரும் முற்படுவதில்லை. பெயர் வேறு, வீடு வேறு என்பது அங்கே எல்லோருக்கும் விளங்குகிறது.

மலைமேல் ஏறியதும் இத்தெளிவு மங்கிவிடுகிறது. வளப்பூர் நாட்டில் ஐயாற்றின் கரையில் அறப்பளீசுவரர் கோயில் உள்ளது. ஆறு கோயிலைக் கடந்து ஆகாய கங்கை அருவியாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியே சமவெளிக்கு இறங்குகிறது. இக்கோயில் கி.பி. 1 அல்லது 2ஆம் நூற்றாண்டில் வல்வில் ஓரியால் கட்டப்பட்டது என்று கையேடுகள் எழுதுகின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்ட இக்கூற்று, அண்மைக் காலத்தில் மாணவர் ஆய்வேடுகளிலும் சான்று காட்டப்படாமலேயே இடம்பெறத் தொடங்கியுள்ளது. ஆகவே இதனை ஆராய்வது கருத்து வேறுபாட்டுக்காக மட்டும் செய்யப்படும் பணியாகாது. ஆய்வேட்டில் ஒருமுறை ஏறிய கூற்று அடுத்த ஆய்வேட்டுக்குச் சான்றாகிவிடும்.

கோயிலின் பெருமையைக் குறைப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ஓர் ஆற்றங்கரைச் சமூகத்தின் மிகப் பழைய கட்டடம் எது என்ற வினாவுக்கு எவ்வகைச் சான்று விடை தரும், எவ்வகைச் சான்று தராது என்பதை வரையறுப்பதே இதன் நோக்கம்.

2. ஓரியும் கட்டடமும்: சங்கப் பாடல்கள் கூறுவன

ஓரியைப் பற்றிய முதன்மைச் சான்றுகள் புறநானூற்றில் 152, 153, 204 ஆகிய பாடல்கள். முதலாவது அவனது வில்லாற்றலையும் வேட்டையையும் பாடுகிறது. இரண்டாவது அவனது யானைக்கொடையைப் புகழ்கிறது. மூன்றாவது இரத்தலையும் ஈதலையும் பற்றிப் பேசி அவனை நாடிச் செல்கிறது. அவன் போரில் வீழ்ந்த செய்தி அகத்திணைப் பாடல்களில் உவமையாக வருகிறது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்பதை அகநானூறு 209 பதிவு செய்கிறது.

இப்பாடல்களில் ஓரி சிவன் கோயில் எடுப்பித்த செய்தி எதுவும் இல்லை. ஓரியின் ஊரில் மனிதர் அமைத்த ஒன்றைக் கண்முன் நிறுத்தும் பாடல் நற்றிணை 320. ஓரியைக் கொன்றபின் காரி அவ்வூரின் பெரிய தெருவில் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் அங்கே உவமையாக்குகிறார். அங்கு நாம் காண்பது ஒரு தெரு. தெரு இருந்ததெனின் இருமருங்கும் மனைகள் இருந்தன என்று கொள்ளலாம். அம்மனைகள் எப்பொருளால் ஆனவை, தெரு எங்கே இருந்தது என்பன அப்பாடலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

கொல்லிப்பாவையும் இவ்வாறே கையாளப்படுகிறது. நற்றிணை 185, 192, 201 ஆகிய பாடல்கள் கொல்லிமலையின் பாவையைக் குறிப்பிடுகின்றன. அது மானிடர் கைப்படாத, தெய்வத்தன்மை பொருந்திய படைப்பாகவே அப்பாடல்களில் நிற்கிறது. இன்று மலைமேல் உள்ள எட்டுக்கை அம்மன் கோயிலே அப்பாவை என்று கூறுவது பிற்கால நம்பிக்கை. நம்பிக்கை என்ற அளவில் அது போற்றத்தக்கது, ஆராயத்தக்கது. அதைச் சங்கப் பாடலின் சான்றாகத் திருப்பிக் காட்டுவது முறையன்று.

ஓரிக்கும் கோயிலுக்கும் உறவு கற்பிக்கும் எழுத்துக்கு ஒரு மனநிலைப் பின்னணி உண்டு. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் ஓரியின் நினைவாக அரசு விழா எடுக்கிறது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உள்ளது. ஆடிப்பெருக்கில் மக்கள் ஐயாற்றில் நீராடி அறப்பளீசுவரரை வழிபடுகின்றனர். ஒரே பருவத்தில், ஒரே மலையில் நிகழும் இரு நிகழ்வுகள் மக்கள் மனத்தில் ஒன்றாவது இயல்பு. விழா நாட்காட்டி இணைத்ததை வரலாற்று ஆசிரியன் பிரித்துப் பார்க்க வேண்டும்.

3. 'பள்ளி' என்னும் சொல்லின் எல்லை

அறப்பள்ளி பற்றிய உறுதியான தொல்சான்று கி.பி. 7ஆம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசரிடம் கிடைக்கிறது. ஆறாம் திருமுறையில் உள்ள அடைவு திருத்தாண்டகத்தில் கொல்லி அறப்பள்ளியை அவர் குறிப்பிடுகிறார். தனிப்பதிகம் பெறாமல் பிற பதிகத்துள் பெயர் சுட்டப்பெறுவதால் இது வைப்புத்தலம் எனப்படுகிறது.

இப்பதிகத்தின் அமைப்பு ஆய்வாளர் கவனத்துக்கு உரியது. தலங்கள் அவற்றின் பெயரீறு பற்றித் தொகுக்கப்பட்டுள்ளன. பள்ளி என முடிவன ஒரு பாடலில், வீரட்டானங்கள் ஒரு பாடலில், குடி, ஊர், காடு, துறை என முடிவன தனித்தனியே வருகின்றன. கோயில் என முடிவனவற்றுக்கும் தனிப்பாடல் உண்டு. கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் எனப் பல வகைகள் அதில் எண்ணப்படுகின்றன. அதாவது, கோயிற் கட்டடத்தின் வகைகளைக் குறிக்கும் சொற்கள் அக்காலத்தில் இருந்தன. அவற்றை அப்பர் அறிந்திருந்தார். கொல்லி அந்த வரிசையில் வரவில்லை. பள்ளி வரிசையில் வருகிறது.

இதிலிருந்து இரு திசைகளில் பிழையான முடிவுக்குச் செல்லலாம். அப்பர் பாடியதால் இன்றுள்ள கட்டடம் 7ஆம் நூற்றாண்டில் நின்றது என்பது ஒன்று. கோயில் வரிசையில் வராததால் அங்கே கட்டடமே இல்லை என்பது மற்றொன்று. பதிகம் தொகுப்பது பெயர்களை. ஆகவே 7ஆம் நூற்றாண்டில் கொல்லியில் அறப்பள்ளி என்ற பெயருடைய சிவத்தலம் அறியப்பட்டிருந்தது என்பதே இச்சான்று உறுதியாகத் தரும் செய்தி. அது சிறிய செய்தியன்று. மலைமேல் ஓர் ஆற்றங்கரைத் தலம் சமவெளி அடியாரின் நினைவில் அக்காலத்திலேயே இடம்பெற்றிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

பள்ளி என்ற சொல்லைக் கொண்டே இது தொடக்கத்தில் சமணப் பள்ளி என்று முடிவு செய்யும் மற்றொரு போக்கும் உள்ளது. இதுவும் விரைவுபட்ட முடிவே. மாங்குளம் தமிழிக் கல்வெட்டுகளில் சமணத் துறவியரின் உறைவிடத்துக்கு இச்சொல்லின் பழைய வடிவம் ஆளப்பட்டுள்ளது உண்மை. ஆனால் ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பூலாங்குறிச்சிக் கல்வெட்டு தேவகுலம், கோட்டம், தாபதப்பள்ளி என்னும் மூன்று சொற்களையும் ஒருங்கே வழங்குகிறது. மதுரையில் இருந்த வாசுதேவனார் கோட்டம் ஒன்று தாபதப்பள்ளியைச் சார்ந்ததாக அதில் சொல்லப்படுகிறது. எனவே பள்ளி என்பது தவத்தோர் உறைவிடம் என்ற பொதுப்பொருளில் வெவ்வேறு சமயத்தார்க்கும் வழங்கிய சொல். அடைவு திருத்தாண்டகத்தின் பள்ளித் தலங்கள் அனைத்தையும் மதம் மாற்றப்பட்ட இடங்களாகக் கொள்வதற்கு அச்சொல் மட்டும் போதாது. கொல்லிமலையில் சமணம் இருந்ததா என்பது சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் கொண்டு தனியே ஆராயப்பட வேண்டிய வினா. பெயரீற்றைக் கொண்டு தீர்க்கக்கூடியதன்று.

4. கல்லுக்கு முற்பட்ட கட்டடம்

அப்பர் காலத்தில் அறப்பள்ளியில் ஒரு கட்டடம் இருந்திருப்பின் அது எத்தன்மையதாக இருந்திருக்கும்? இதற்கு விடை தேட அவர் காலத்தவனான முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு உதவுகிறது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி அக்குடைவரையை ஆக்கியதாக மன்னன் பெருமிதம் கொள்கிறான். அவை இன்றிக் கட்டுவது புதுமை எனின், அவற்றால் கட்டுவதே அன்றைய வழக்கம். மலைமேல் இருந்த ஒரு தலத்தில் மரமும் மூங்கிலும் மண்ணும் எளிதில் கிடைக்கும் பொருள்கள். ஆகவே இன்று நாம் காணும் கற்சுவரை அப்பர் கண்ட சுவராகக் கொள்ளுதல் தமிழகக் கோயிற்கட்டட வரலாற்றின் பொதுப்போக்குக்கே மாறானது.

கற்றளிகள் பெருகியது சோழர் எழுச்சிக்குப் பின். பழைய செங்கற்றளிகள் பத்தாம் நூற்றாண்டில் கற்றளிகளாக மாற்றப்பட்டன. கண்டராதித்தரின் தேவியான செம்பியன் மாதேவியார் இப்பணியில் முதன்மையாக நினைக்கப்படுபவர். திருக்கோடிகாவில் அவர் கோயிலைக் கல்லால் புதுப்பித்தபோது, பழைய சுவரிலும் கற்களிலும் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். அவை பழங்கல்படி என்ற குறிப்புடன் பொறிக்கப்பட்டன.

இவ்வழக்கம் காலக்கணிப்புக்கு இரு பாடங்களைத் தருகிறது. பொதுவாக ஒரு சுவரில் உள்ள மிகப் பழைய கல்வெட்டு, அச்சுவர் அதற்குள் எழுந்துவிட்டது என்பதைக் காட்டும். ஆனால் கல்வெட்டு படியெடுக்கப்பட்டதாயின், அதில் உள்ள ஆட்சியாண்டு சுவரைவிடப் பழையது. ஆகவே கல்வெட்டின் வாசகத்தை மட்டும் படித்தால் போதாது. அது பொறிக்கப்பட்ட கல் எங்கே, எந்தக் கட்டுமானத்தில், எவ்வரிசையில் உள்ளது என்பதையும் படிக்க வேண்டும். அறப்பளீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கையேடுகள் இவற்றை ஓரி கட்டியதற்குப் பின்வந்த கொடைகளாக ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. உண்மையில் அக்கோயிலின் கட்டட வரலாற்றுக்குத் தொடக்கப்புள்ளி அக்கல்வெட்டுகளே. அவற்றைச் சுவர்வாரியாக ஆராய்ந்த பின்னரே அங்கிருந்து பின்னோக்கிச் செல்ல இயலும்.

கட்டியவன் பெயரைக் கட்டடமே சொல்லும் நிலையும் இவ்வட்டாரத்தில் உண்டு. நாமக்கல் மலையில் உள்ள குடைவரை, கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த கிரந்தக் கல்வெட்டில் அதியேந்திர விஷ்ணுகிருகம் எனப் பெயர் பெறுகிறது. அதியர் மரபினனான குணசீலன் அதனை ஆக்குவித்தவன். அதியனுக்கும் குடைவரைக்கும் உள்ள உறவு கல்லிலேயே எழுதப்பட்டுள்ளது. ஓரிக்கும் அறப்பள்ளிக்கும் அவ்வகை உறவுச்சான்று காட்டப்படவில்லை. இரண்டையும் ஒரே நிறையில் வைத்துக் குறுநில மன்னர் கட்டிய கோயில்கள் என எழுதுவது சான்றின் தரவேறுபாட்டை மறைக்கிறது.

5. துறை மறைந்த கதை: சீனிவாசநல்லூர் ஒப்பீடு

அறப்பள்ளியில் பெயரின் பழைமை கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்டது. இதற்கு நேர்மாறாக, பெயர் சிதைந்ததால் கட்டடத்தின் வரலாறு மறைந்த நிலையைக் கொல்லிமலைக்குத் தெற்கே காவிரியின் வடகரையில் காணலாம்.

சீனிவாசநல்லூர்க் கோயில் இன்று குரங்கநாதர் கோயில் என வழங்குகிறது. குரங்கு ஒன்று தீட்டுப்படுத்தியதால் இக்கோயில் வழிபாட்டுக்கு வராமலே நின்றுவிட்டது என்பது செவிவழிக் கதை. கல்வெட்டுகளோ இறைவனைத் திருக்குரக்குத்துறைப் பெருமானடிகள் என்றும், ஊரை மகேந்திரமங்கலம் என்றும் குறிக்கின்றன. குரக்குத்துறை என்பது குரங்குகள் பயிலும் ஆற்றுத்துறை. காவிரிக் கரையில் வடகுரங்காடுதுறை, தென்குரங்காடுதுறை என இதே பொருண்மையில் அமைந்த தலப்பெயர்கள் பாடல் பெற்றவை. துறையின் பெயரால் இறைவன் பெயர் பெறுவது இவ்வாற்றங்கரையின் பொதுவழக்கு.

காலப்போக்கில் பெயரிலிருந்து துறை உதிர்ந்தது. குரங்கு மட்டும் எஞ்சியது. துறைக்கு உரிய பெருமான் குரங்குக்கு உரிய நாதன் ஆனார். பொருள் விளங்காத பெயருக்கு விளக்கம் தர ஒரு கதை தேவைப்பட்டது, கதை பிறந்தது. ஊரின் பெயரும் சீனிவாசநல்லூர் என மாறியதால், பிரமதேயமாக இருந்த மகேந்திரமங்கலத்தின் நினைவும் கோயிலிலிருந்து பிரிந்தது. வழிபாடே நடவாத கோயில் எனக் கதை கூறும் இடத்தில், இறைவனுக்குக் கொடையளித்த செய்திகள் கல்லில் உள்ளன. இரண்டில் எதை ஏற்பது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் கதையே பரவலாகத் தெரிகிறது. ஏனெனில் கதை பெயரோடு சேர்ந்து பயணம் செய்கிறது. கல்வெட்டு சுவரோடு தங்கிவிடுகிறது.

கட்டடத்தின் காலத்திலும் கவனம் தேவை. இக்கோயிலை முதலாம் பராந்தகன் (907–955) காலத்துப் பணியாகப் பெரும்பான்மையான நூல்கள் கொள்கின்றன. முதலாம் ஆதித்தன் காலத்துக்கு முன்தள்ளுவோரும் உளர். முற்காலச் சோழக் கல்வெட்டுகள் பல, இயற்பெயர் இன்றி இராசகேசரி, பரகேசரி என்ற பட்டப்பெயர்களை மட்டும் தருவதால் எழும் சிக்கல் இது. பட்டப்பெயர்கள் மாறிமாறி வருவதால் ஒரே பட்டம் பல மன்னர்க்குப் பொருந்தும். அங்கே எழுத்தமைதியும் சிற்ப அமைதியும் துணைக்கு வருகின்றன.

பெர்சி பிரவுன் தரும் அளவுகளின்படி இக்கோயிலின் மொத்த நீளம் 50 அடி. கருவறைப் பகுதி பக்கத்துக்கு 25 அடி. முன்மண்டபம் 25 அடிக்கு 20 அடி. விமானத்தின் உயரம் 50 அடி. பிற்காலப் பெருங்கோயில்களோடு ஒப்பிட இது சிறியது. ஆனால் தெற்குக் கோட்டத்துத் தட்சிணாமூர்த்தி உள்ளிட்ட சிற்பங்களின் நேர்த்தியால் முற்காலச் சோழக் கலையை விளக்கும் நூல்கள் இதனைத் தவறாமல் எடுத்துக்காட்டுகின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் இது. கட்டடம் காக்கப்பட்டது, பெயர் காக்கப்படவில்லை. ஆற்றங்கரைச் சமூகம் ஒன்று ஆற்றோடு கொண்டிருந்த உறவைச் சொன்ன ஒரு சொல் அதில் தொலைந்தது.

6. உழுபடையும் அரசனும்: வாய்மொழிச் சான்றின் இடம்

செவிவழிக் கதைகள் அனைத்தையும் ஒதுக்க வேண்டும் என்பது மேற்கூறியவற்றின் பொருளன்று. எக்கதை எதற்குச் சான்றாகும் என்பதே வினா. அறப்பளீசுவரர் கோயிலைச் சார்ந்து வழங்கும் கதை ஒன்றில், நிலத்தை உழுத ஒருவனின் கலப்பை இலிங்கத்தின் மேல் பட்டது. அத்தழும்பு இன்றும் இலிங்கத்தின் தலையில் உள்ளது என்பது நம்பிக்கை. நிலத்தில் புதைந்திருந்த தெய்வம் உழவனால் வெளிப்படும் இவ்வகைக் கதை தமிழகத்தின் பல ஊர்களிலும் உள்ளது. எனவே இது நிகழ்ச்சிப் பதிவாகாது. எனினும் கதையின் உள்ளடக்கம் பொருளற்றதும் அன்று.

இக்கதையில் அரசன் இல்லை. நிலம் முன்பே உழவுக்கு வந்திருக்கிறது. உழுபவன் முன்பே இருக்கிறான். தெய்வம் அவனது நிலத்தில் வெளிப்படுகிறது. கோயில் அதற்குப் பின் எழுகிறது. சமூகம் தன்னைக் கோயிலுக்கு முற்பட்டதாக இக்கதையில் வைத்துக்கொள்கிறது. ஓரி கட்டினான் என்ற கூற்று இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. அதில் அரசன் கோயிலைக் கட்டுகிறான். மக்கள் அதனைச் சூழ வாழ்பவராகிவிடுகின்றனர். மலைக்கு வெளியே எழுதப்பட்ட வரலாறு, மலையில் சொல்லப்பட்ட வரலாற்றை இடம்பெயர்க்கிறது.

இச்சமூகத்தின் மற்றொரு மரபும் இங்கே நினைக்கத்தக்கது. கொல்லிமலையில் பெரும்பான்மையினரான மலையாளி பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்றும், உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் கூறும் மரபுடையவர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுதியில் இது பதிவாகியுள்ளது. மரபார்ந்த இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒரு முரண் தோன்றுகிறது. ஒன்றில் அவர்கள் வந்தவர்கள்; மற்றொன்றில் கோயிலுக்கும் முற்பட்டவர்கள். இம்முரணைத் தீர்த்துவைப்பதைக் காட்டிலும், ஒரு சமூகம் தன் தோற்றத்தையும் தன் மண்ணுரிமையையும் இரு வேறு கதைகளால் நிலைநாட்டுகிறது என உணர்வதே பயனுடையது.

நாடு என்ற அலகும் கவனத்துக்குரியது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என மலையின் 14 ஊராட்சிகள் நாட்டுப் பெயர்களால் வழங்குகின்றன. சோழர் கால ஆட்சிப் பிரிவாகக் கல்வெட்டுகளில் நாம் படிக்கும் சொல், சமவெளியில் வழக்கொழிந்த பின்னும் இங்கே நாவில் உள்ளது. இதுவும் பெயரின் பழைமையே. ஆனால் இப்பெயர் கட்டடத்தைச் சுட்டாமல் மக்கள் கூட்டமைப்பைச் சுட்டுவதால் கையேடுகளின் கவனத்தைப் பெறவில்லை.

7. வீடு என்னும் மறக்கப்பட்ட கட்டடம்

மிகப் பழைய கட்டடம் எனும்போது கோயிலை மட்டுமே எண்ணுவது ஏன் என்ற வினா இங்கே எழுகிறது. தமிழக ஆற்றங்கரைகளில் நடந்த அகழாய்வுகள் வேறொரு விடையைத் தந்துள்ளன. காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் வெளிப்பட்டது செங்கல்லால் ஆன படகுத்துறை. வைகைக் கரைக் கீழடியில் வெளிப்பட்டவை செங்கற் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் நீர்செல் வழிகளும். ஆற்றங்கரைச் சமூகத்தின் தொல்கட்டடங்கள் அங்கே பிழைப்போடும் நீரோடும் தொடர்புடையவை.

ஆனால் இங்கும் அதே பிழை நேர்கிறது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குக் கணிக்கப்பட்ட கி.மு. 580 என்ற காலம், பொதுவழக்கில் அங்குள்ள கட்டுமானங்கள் அனைத்துக்கும் உரிய காலமாக்கப்படுகிறது. காலம் கணிக்கப்பட்டது ஒரு மண்ணடுக்கில் கிடைத்த ஒரு மாதிரிக்கு. ஒவ்வொரு சுவருக்கும் அதன் அடுக்கைக் கொண்டே காலம் கூற வேண்டும். கொல்லியில் பாடலின் வயது சுவருக்கு ஏற்றப்பட்டது போல, இங்கே மாதிரியின் வயது சுவருக்கு ஏற்றப்படுகிறது. சான்று மாறினும் பிழை ஒன்றே.

மலைவாழ் மக்களின் மரபார்ந்த வீடு மண், மூங்கில், மரம், புல் ஆகியவற்றால் ஆனது. கூரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படும், சுவர் பூசப்படும், வீடே ஒரு தலைமுறையில் புதிதாக எழும். அவ்வகையில் எந்த ஒரு வீடும் பழைமையானதன்று. ஆனால் அதைக் கட்டும் அறிவு பழைமையானது. கல்லால் ஆன கட்டடம் பொருளால் நீடிக்கிறது. புல்வேய்ந்த வீடு செய்முறையால் நீடிக்கிறது. முன்னதை மட்டும் வரலாறு எனக் கொள்ளும் பார்வையில், நூற்றாண்டுகளாக ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் ஒரு கட்டடமும் இல்லாதவர்களாகத் தோன்றுவர்.

இச்செய்முறை இன்று விரைந்து மறைந்து வருகிறது. சிமெண்டும் தகரமும் எளிதில் கிடைக்கின்றன. மக்கள் வசதியான வீட்டை நாடுவது அவர்கள் உரிமை. ஆய்வாளர் செய்யத்தக்கது, மூங்கிற்படல் பின்னும் முறை, கூரைப்புல் தேரும் பருவம், தானியம் வைக்கும் பரணின் அமைப்பு, இவற்றுக்கு மலையில் வழங்கும் சொற்கள் ஆகியவற்றை அறிந்த முதியோர் உள்ளபோதே பதிவு செய்வது. கோயிற் கல்வெட்டு இன்னும் சில காலம் காத்திருக்கக்கூடும், இவை காத்திருக்கமாட்டா.

8. திருப்பணியும் சான்றும்

காத்திருக்கும் என்று கூறிய கல்வெட்டுக்கும் இடர் உண்டு. திருப்பணி என்ற பெயரில் சுவர்களின்மேல் மணல்வீச்சு நிகழ்த்தியதாலும், கற்களை இடம் மாற்றியதாலும், ஓடு பதித்ததாலும் பல கோயில்களில் எழுத்துகள் அழிந்துள்ளன. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் மாதம் தமிழகத்தின் தொன்மைச் சின்னங்களையும் கோயில்களையும் காப்பது தொடர்பாக 75 வழிகாட்டுதல்களை வழங்கியது இப்பின்னணியில்தான்.

கட்டடத்தின் வயது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருப்பது இத்தகைய அழிவுக்கு மறைமுகமாகத் துணைபோகிறது. கோயில் ஈராயிரம் ஆண்டுப் பழைமையது என்று முகப்புப் பலகை அறிவித்துவிட்டால், பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுள்ள ஒரு கல் பிற்காலத்ததாகவும், எனவே மாற்றத்தக்கதாகவும் தோன்றும். மிகைப்படுத்தப்பட்ட பழைமை, உள்ள பழைமையின் மதிப்பைக் குறைக்கிறது. செம்பியன் மாதேவியார் காலத்தவர் பழைய கட்டடத்தை அகற்றியபோதும் அதன் எழுத்தைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறித்தனர். திருப்பணிக்கும் சான்றுக்கும் பகை இல்லை என்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்த முன்மாதிரி அது. இன்று ஒளிப்படமும் அளவீட்டு வரைபடமும் அப்பணியை எளிதாக்கியுள்ளன.

9. முடிவுரை

அறப்பள்ளி என்னும் பெயர் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் உறுதியாக வழக்கில் இருந்தது. கொல்லிமலையும் ஓரியும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பாடப்பட்டனர். கற்கட்டடத்தின் வரலாறு சோழர் காலக் கல்வெட்டுகளைத் தொடக்கமாகக் கொண்டு எழுதப்பட வேண்டியது. இம்மூன்றும் மூன்று வரலாறுகள். இவற்றை ஒன்றாக்கி ஓரி கட்டிய கோயில் எனக் கூறும்போது, மூன்றும் தத்தம் தெளிவை இழக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகத்தை இத்தலத்து இறைவனை முன்னிலைப்படுத்திப் பாடியபோது, அத்தலத்தின் பெருமைக்கு ஓர் அரசனின் கட்டடப்பணி அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே இவ்வட்டார வரலாற்றை எழுதுவோர் ஒவ்வொரு சான்றையும் அது எதன் வயதைச் சொல்கிறது என்று வினவிய பின்னரே பயன்படுத்துதல் வேண்டும். பாடல் புகழின் வயதைச் சொல்லும். பெயரீறு வழக்கின் வயதைச் சொல்லும். கல்வெட்டு, படியெடுக்கப்படாததாயின், சுவரின் வயதுக்கு எல்லை வகுக்கும். வாய்மொழிக் கதை அதைச் சொல்லும் மக்களின் உரிமையுணர்வைச் சொல்லும். உழுபடையின் தழும்பைப் பேசும் கதை, கையேட்டின் முதல் வரியில் இடம்பெறும் அரசனைவிட இம்மலைக்கு நெருக்கமானது. அதனைச் சான்றென மிகைப்படுத்தாமலும் கட்டுக்கதையென ஒதுக்காமலும், கோயிற் சுவரின் அளவீட்டோடும் அடிவாரத்துக் குறிச்சிகளின் வீட்டமைப்போடும் சேர்த்துப் பதிவு செய்யும் களஆய்வே ஐயாற்றங்கரைக்கு அடுத்த தேவை.